கல்லில் காலம் கண்டவர்

சேந்தமங்கலத்தை அடுத்து எழும் கொல்லிமலையும் சென்னைக்கருகிலுள்ள பல்லாவரக் குன்றும் சார்னோகைட் என்னும் மிகப்பழமையான பாறையால் ஆனவை. இங்கிலாந்தில் 1834இல் பிறந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, தமிழகத்தின் பாறைகளை ஊர் ஊராக நடந்து ஆராய்ந்தார். 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் கல் ஒன்றைக் கண்டார். குன்றின் பாறையோ சார்னோகைட். கையிலெடுத்த கல்லோ குவார்ட்சைட். அதன் விளிம்புகளில் மனிதக் கை செதுக்கிய தடம் தெரிந்தது. அது பழைய கற்காலக் கைக்கோடரி. இந்திய மண்ணில் மாந்தர் வாழ்வு எண்ணியதினும் மிகத் தொன்மையானது என்பதற்கு அச்சிறு கல் சான்றாயிற்று.

மறு ஆண்டு, வில்லியம் கிங்குடன் அவர் எழுதிய சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் நிலவியல் நூல் வெளிவந்தது. ஓய்வுக்குப்பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் திரட்டிய தொல்பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1912இல் மறைந்த அவரது சாம்பல், அவர் விரும்பி வாழ்ந்த ஏற்காட்டு மண்ணிலேயே புதைக்கப்பட்டது.