மக்காவின் முஃப்தி அதாஉ பின் அபீ ரபாஹ் (ரஹ்)

பெரியார்களின் வாழ்க்கையை எழுதும் அரபு நூல்கள் பெரும்பாலும் அவர்களது குலப்பெருமையில் தொடங்கும். ஆனால், தாபிஈன்களில் தலைசிறந்தவர்களுள் ஒருவரான அதாஉ பின் அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களை அறிமுகம் செய்யும்போது மட்டும் அந்நூல்கள் வேறு விதமாகத் தொடங்குவதை நாம் காண்கிறோம். கறுத்த மேனி, சப்பை மூக்கு, பார்வையற்ற ஒரு கண், ஊனமுற்ற கால், செயலிழந்த ஒரு கை, முதுமையில் முழுக் குருடு என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றன. பிறகு அதே மூச்சில், மக்காவாசிகளுக்கு மார்க்கத் தீர்ப்பு வழங்கும் பொறுப்பு அவர்களிடமே வந்து சேர்ந்தது என்று எழுதுகின்றன.

யமன் நாட்டின் ஜனத் என்ற ஊரில், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் அவர்கள் பிறந்தார்கள். வளர்ந்தது மக்காவில். தாயார் கறுப்பினப் பெண்மணி, பெயர் பரக்கா. குறைஷியரின் ஃபிஹ்ர் கிளையைச் சார்ந்த ஒரு குடும்பத்தின் மவ்லாவாக, அதாவது விடுவிக்கப்பட்டு அக்குடும்பத்தைச் சார்ந்து வாழ்பவராக, அவர்கள் அறியப்பட்டார்கள். ஆரம்பத்தில் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியராக இருந்தார்கள். குலமும் செல்வமும் மனிதனை அளக்கும் கோலாக இருந்த அந்நகரில், இப்படியொருவரை யாரும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. நம் மஹல்லாக்களில்கூட, திருமணப் பேச்சு எடுத்தவுடன் முதலில் நிறத்தை விசாரிப்போர் இன்றும் இருக்கத்தானே செய்கிறார்கள்!

அதாஉ (ரஹ்) அவர்கள் நாடியது கல்வியை. இப்னு அப்பாஸ், அபூஹுரைரா, ஜாபிர், இப்னு உமர் (ரலி) ஆகிய நபித்தோழர்களிடம் செவியுற்றார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்தும் அறிவித்துள்ளார்கள். இருபது ஆண்டுகள் ஹரம் ஷரீஃபின் தரையே அவர்களுக்குப் படுக்கையாக இருந்ததென்று அவர்களுடைய முதன்மை மாணவர் இப்னு ஜுரைஜ் (ரஹ்) கூறியுள்ளார்கள். ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள ஓர் ஆடையை அவர்கள் உடலில் ஒருபோதும் கண்டதில்லை என்று சாட்சியம் கூறியோரும் உண்டு.

இந்தக் கல்வி எந்த அளவுக்குக் கனிந்தது என்பதற்கு அவர்களுடைய ஆசிரியர்களே சாட்சி. மக்காவாசிகள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைச் சூழ்ந்து கேள்விகள் கேட்டபோது, அதாஉ உங்களிடையே இருக்க என்னிடம் ஏன் கூடுகிறீர்கள் என்ற கருத்தில் அவர்கள் வினவினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் மக்கா வந்தபோது இவ்வாறே கூறியதாக வந்துள்ளது. நபித்தோழர்கள் உயிரோடிருக்கும்போதே, அவர்களால் சுட்டிக்காட்டப்பட்ட முஃப்தி! இதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

அவர்களுடைய கை செயலிழந்த விவரம் தனியே சொல்லத் தக்கது. அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களின் தரப்பில் நின்றபோது அக்கை வெட்டப்பட்டது என்று அறிவிக்கப்படுகிறது. ஹிஜ்ரி 73 (கி.பி. 692) இல் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களை வீழ்த்தி மக்காவைக் கைப்பற்றியது கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வானின் படையே. அதே அப்துல் மலிக் ஹஜ்ஜுக்கு வந்து, பிரமுகர்கள் புடைசூழ அமர்ந்திருந்த வேளையில் அதாஉ (ரஹ்) அவர்கள் உள்ளே வந்தார்கள். கலீஃபா எழுந்து வரவேற்று, தம் ஆசனத்திலேயே அமர வைத்து, வந்த காரியம் கேட்டார். மக்கா, மதீனாவாசிகளின் நலன், முஹாஜிர்கள் மற்றும் அன்ஸாரிகளின் பிள்ளைகள், எல்லையில் காவல் நிற்போர், அரண்மனை வாசலில் காத்துக் கிடக்கும் ஏழைகள் ஆகிய இவர்களுக்காகவெல்லாம் அதாஉ (ரஹ்) அவர்கள் பேசினார்கள். கலீஃபா அனைத்தையும் ஏற்றார். தங்களுக்கென்று என்ன தேவை என்று கேட்டபோது, படைக்கப்பட்ட எவரிடமும் தமக்குத் தேவையில்லை என்று கூறி எழுந்து சென்றுவிட்டார்கள். அவர்கள் சென்றபின், கண்ணியம் என்பது இதுவே என்று கலீஃபா தம் சபையில் சத்தியமிட்டுச் சொன்னாராம்.

அவருடைய மகன் ஸுலைமான் கலீஃபாவான பின் நடந்ததும் பிரபலமானது. தம் இரு புதல்வர்களுடன் ஹரமுக்கு வந்த ஸுலைமான், அதாஉ (ரஹ்) அவர்கள் தொழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பின் ஹஜ்ஜின் சட்டங்களைக் கேட்டார். முகத்தை முழுமையாகத் திருப்பாமலேயே பதில்கள் வந்தன. திரும்பும்போது ஸுலைமான் தம் மக்களிடம், கல்வியைத் தேடுவதில் சோர்ந்துவிடாதீர்கள் என அறிவுறுத்தி, இந்தக் கறுப்பு அடிமையின் முன் நாம் தாழ்ந்து நின்றதைத் தாம் மறக்க மாட்டோம் என்றும் கூறினார். மேடைகளில் இந்நிகழ்ச்சி கல்வியின் சிறப்புக்காகவே சொல்லப்படுகிறது. அது சரியே. ஆயினும் நாம் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பாடம் கற்று எழுந்த பின்னரும் அந்த அரசரின் நாவில் வந்தது ஆசிரியரின் பெயரன்று, நிறம்தான். கண் பழகிவிட்ட அளவுகோலை அறிவின் பேரொளிகூட உடனே மாற்றிவிடுவதில்லை போலும். ஆனாலும் உமையாக்களின் ஆட்சிக் காலத்தில், ஹஜ்ஜில் அதாஉ அன்றி வேறெவரும் ஃபத்வா வழங்கலாகாது என்று முரசறைவோர் அறிவித்து வந்தனர். வந்து நின்ற ஹாஜிகளுக்கு வேண்டியிருந்தது தெளிவான விடை. அது அவர்களிடம் இருந்தது.

இத்தனை மதிப்பும் அவர்களிடம் சிறிதும் செருக்கை உண்டாக்கவில்லை. ஓர் இளைஞர் ஏதேனும் ஒரு செய்தியைச் சொல்ல வந்தால், அவ்விளைஞர் பிறக்கு முன்பே தாம் அதைக் கேட்டிருந்தாலும், முதன்முறையாகக் கேட்பவர்போல் முழுமையாகச் செவிசாய்ப்பார்கள். முகத்தோற்றத்தால் எவரையும் கவர இயலாத அவர்களின் பக்கம் உள்ளங்கள் சாய்ந்ததற்கு இந்த ஒரு குணமே போதுமானது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு கேள்விக்குத் தமக்குத் தெரியாது என்றார்கள். சொந்தக் கருத்தையாவது கூறலாமே என்று வற்புறுத்தப்பட்டபோது, பூமியில் தமது கருத்து மார்க்கமாகப் பின்பற்றப்படுவதற்கு அல்லாஹ்விடம் வெட்கப்படுவதாகக் கூறினார்கள். தள்ளாத வயதிலும் தொழுகையில் நின்று, ஸூரத்துல் பகராவில் இருநூறு வசனங்கள் அளவுக்கு அசையாமல் ஓதுவார்கள்.

தமிழ்கூறும் முஸ்லிம்களான நமக்கும் அவர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதாஉ (ரஹ்) அவர்களின் மாணவர். தாம் கண்டவர்களில் அவரைவிடச் சிறந்தவரைக் கண்டதில்லை என்று கூறியவர். அதாஉவிடம் நீண்ட காலம் கற்ற இப்னு ஜுரைஜின் மாணவர் முஸ்லிம் பின் காலித். அவரிடம் மக்காவில் ஃபிக்ஹு பயின்றவரே இமாம் ஷாஃபிஈ (ரஹ்). ஆக, ஹனஃபி ஜமாஅத்துகளானாலும், காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை போன்ற இடங்களின் ஷாஃபிஈ ஜமாஅத்துகளானாலும், நாம் தொழும் தொழுகையின் சட்டங்களில் அந்தக் கறுத்த யமனியரின் பாடத்திற்கும் பங்குண்டு.

ஹிஜ்ரி 114 (கி.பி. 732) அளவில் அவர்கள் மக்காவில் வஃபாத்தானார்கள். மரணித்த நாளில் பூமியிலுள்ளோரில் மக்களின் திருப்தியை மிகுதியாகப் பெற்றவராக அவர்கள் இருந்தார்கள் என்று சிரியாவின் இமாம் அவ்ஸாஈ (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். அவர்களது அன்றாட மஜ்லிஸில் வந்து அமர்ந்தவர்களோ பத்துப் பேருக்கும் குறைவு என்பதையும் அவர்களே சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.