பால் ஹாரிஸ் தேடிய நண்பர்கள்

கடந்த தவணையில் நம் கழகத்தின் சமூகச் சேவைத் திட்டத்திற்கு நான் செயலாளராக இருந்தேன். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நூல்நிலையம் அமைப்பதே திட்டம். நானும் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். ஆறாம் ஆண்டு வரை நான் கண்ட நூல்நிலையம் பூட்டிய அலமாரி ஒன்றுதான். அதனால் ஆர்வம் சற்று அதிகம். வெளிநாட்டு அமைப்புகளின் முகவரிகளைத் தேடிப் பிடித்து, ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி 27 இடங்களுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு பதில் வந்தது. அதிலும் பணம் இல்லை, இரண்டு கேள்விகளே இருந்தன. அவ்வூரில் பொறுப்பேற்பவர் யார்? உங்கள் பங்கு எவ்வளவு?

இரண்டிற்கும் என்னிடம் விடை இல்லை. கேட்டவர் ரோட்டரி சங்கத்தைச் சேர்ந்தவர். அச்சங்கத்தைத் தோற்றுவித்தவர் யார் என்று தேடப் போய்த்தான் பால் ஹாரிஸ் எனக்கு அறிமுகமானார்.

அவர் 1868 ஏப்ரல் 19ஆம் நாள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ரசீன் நகரில் பிறந்தார். தந்தையின் வணிகம் நொடித்துப்போகவே, மூன்று வயதிலேயே வெர்மான்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்டு என்னும் சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளரச் சென்றார். குறும்புக்காரப் பிள்ளை. 1886இல் வெர்மான்ட் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. (கட்டொழுங்குக் கடிதம் வாங்கிய நண்பர்கள் இதை மேற்கோள் காட்ட வேண்டாம், அவர் பிறகு ஒழுங்காகப் படித்தார்!) 1891இல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் உடனே தொழிலில் இறங்கவில்லை. ஐந்தாண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். நாளிதழ் நிருபர், நாடக நடிகர், குதிரையேறி மாடு மேய்ப்பவர், தங்கும் விடுதியின் இரவு எழுத்தர், பளிங்குக்கல் விற்பனையாளர் எனப் பல வேலைகள் பார்த்தார். மாடுகளை ஏற்றிச் சென்ற கப்பலில் வேலை செய்தே இங்கிலாந்துக்கும் போய் வந்தார். நான் இப்படிக் கிளம்பியிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். ஆயினும் முன்பின் தெரியாதவரிடம் பேசிப் பழகும் திறனை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1896இல் சிகாகோவில் வழக்கறிஞரானார். பெருநகரில் வாடிக்கையாளர்கள் கிடைத்தனர், நண்பர்கள் கிடைக்கவில்லை. 1905 பிப்ரவரி 23ஆம் நாள் நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோர், தையற்காரர் ஹைரம் ஷோரி ஆகிய மூவருடன் லோரின் அலுவலகத்தில் கூடினார். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உறுப்பினரின் இடத்தில் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. தொடக்கத்தில் அங்கே சேவை நோக்கம் இல்லை. நட்பும், ஒருவருக்கொருவர் வணிகம் தேடிக் கொடுப்பதுமே இருந்தன.

1907இல் சிகாகோ நகருக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று சங்கம் முயற்சி எடுத்தது. மதுக்கடைக்காரர்களும் பெரிய அங்காடிக்காரர்களும் எதிர்த்தனர். கழிப்பறை தேடி வருபவர் தங்கள் வாடிக்கையாளராவது நின்றுவிடும் அல்லவா! ஹாரிஸ் தம் சங்கத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. நகரின் பிற அமைப்புகளையும் வணிகர் கழகத்தையும் மாநகராட்சியையும் ஒரே மேசைக்கு அழைத்து வந்தார். ரோட்டரியின் முதல் பொதுச்சேவை அதுதான். நூல்நிலையம், கல்வி நிதி என்று அழகாகப் பேசும் நமக்கு, கழிப்பறைக்காகக் கூட்டம் போட்டவரைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

சங்கத்தை வெளியூருக்குக் கொண்டுபோனதும் பழக்கத்தின் வழியேதான். தொழில் நிமித்தம் சான் பிரான்சிஸ்கோ சென்ற மானுவல் முனோஸ் என்பவரிடம் ஹாரிஸ் பொறுப்பைக் கொடுத்தார். 1908இல் அங்கே இரண்டாவது சங்கம் தோன்றியது. 1910இல் 16 சங்கங்கள் இணைந்த கூட்டமைப்புக்கு அவர் முதல் தலைவரானார். கனடாவின் வின்னிபெக் சங்கமும் சேர்ந்ததால் 1912இல் பெயரில் அனைத்துலகம் என்னும் சொல் ஏறியது. 1928 முதல் 1931 வரை ஜேம்ஸ் டேவிட்சன் என்ற கனடா நாட்டு உறுப்பினர் ஆசியாவெங்கும் பயணம் செய்தார். 1930இல் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சங்கங்கள் அமைந்தன.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. ஹாரிஸ் வாழ்ந்த காலம் முழுதும் இச்சங்கம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1989இல்தான் உலகெங்கும் பெண்கள் சேர வழி பிறந்தது. என் கடிதத்தை அவர் படித்திருப்பார், உறுப்பினராக ஏற்றிருக்கமாட்டார்.

பணத்தின் கதை இன்னும் மெதுவானது. 1917இல் ஆர்ச் கிளம்ஃப் என்பவர் நிரந்தர நிதி ஒன்றை முன்மொழிந்தார். அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 காசு! பல ஆண்டுகள் அந்நிதி பெரிதாக வளரவில்லை. 1947 ஜனவரி 27ஆம் நாள் ஹாரிஸ் காலமானார். தமக்கு மலர் வளையம் வேண்டாம், அப்பணத்தை நிதிக்கு அளியுங்கள் என்பது அவர் விருப்பம். அவர் நினைவாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அவ்வாண்டே 11 நாடுகளின் 18 மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை பெற்றனர்.

இன்று அவ்வறவாரியத்தின் உலகளாவிய மானியத்திற்கு, திட்டம் நடக்கும் நாட்டுச் சங்கமும் வெளிநாட்டுச் சங்கமும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். மக்களின் தேவையை முன்கூட்டியே விசாரித்துக் காட்ட வேண்டும். செலவும் 30,000 அமெரிக்க டாலருக்குக் குறையக்கூடாது. எங்கள் திட்டமோ 9,000 ரிங்கிட். அந்த மானியம் எங்களுக்குப் பொருந்தாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கேள்விகள் மட்டும் பொருந்தின.

ஒரு சனிக்கிழமை அப்பள்ளிக்குப் போனோம். பெற்றோர் சொன்னது நாங்கள் எதிர்பாராதது. பள்ளிப் பேருந்து மதியமே புறப்பட்டுவிடுகிறது. பிள்ளைகள் நூல்நிலையத்தில் உட்கார நேரமில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் புத்தகங்களே வேண்டும் என்றார்கள். அலமாரிகளைத் தாங்களே செய்து தருவதாகப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. நாங்கள் வளாகத்தில் உணவு விற்று 1,140 ரிங்கிட் சேர்த்தோம்.

இம்முறை ஒரே ஒரு கடிதம் எழுதினேன், கேள்வி கேட்டவருக்கு. இம்மலர் அச்சுக்குப் போகும் நாள் வரை பதில் வரவில்லை. அலமாரி வேலை நடக்கிறது.