உப்புக் கணக்கு எழுதிய வாலிபர் நாடக உலகின் ஆசான் ஆனார்!
சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கை வரலாறு

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மன் நினைவுதான் எல்லோருக்கும் வரும். 1799-ம் ஆண்டு கயத்தாற்றில் அந்த வீரன் தூக்கிலிடப்பட்டான். அதற்கு 68 ஆண்டுகளுக்குப் பின், 1867-ம் ஆண்டு, அதே தூத்துக்குடிச் சீமையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சங்கரன் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் தமிழ் நாடக உலகமே கைகூப்பி வணங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் அவர்தான்.

தமிழ் படித்த கணக்கர்

தந்தை தாமோதரனார் நல்ல தமிழ்ப் புலமை உள்ளவர். இராமாயணப் புலவர் என்று ஊரார் அவரை அழைத்தார்கள். மகனுக்கு முதல் தமிழ் ஆசிரியரும் அவரே. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரதாஸ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வெண்பாவும் கலித்துறையும் சிறு வயதிலேயே அவருக்குக் கைவந்தன.

ஆனால் பாட்டு சோறு போடுமா? தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். கை கணக்கை எழுதியது. மனமோ மேடையைச் சுற்றி வந்தது. 1891-ம் ஆண்டு, 24-வது வயதில், வேலையை உதறிவிட்டு நாடகத்தில் சேர்ந்துவிட்டார்.

அதே 1891-ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அங்கே படித்த பட்டணத்தார் பொழுதுபோக்காக நடித்தார்கள். சங்கரதாஸ் சேர்ந்த உலகம் வேறு. அங்கே நடிப்புதான் பிழைப்பு.

எமன் வேடமும் சனி வேடமும்

இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்களில் அவர் பெயர் பெற்றார். ஆஜானுபாகுவான உடல், இடிபோன்ற குரல். பார்த்தவர்கள் நடுங்கினார்கள்.

அந்தப் புகழே அவருக்கு வினையாக வந்தது. ஒரு நாள் சாவித்திரி நாடகம். எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்ததைக் கண்ட கர்ப்பிணி ஒருத்தி அதிர்ச்சி அடைந்தாள்; கரு கலைந்துவிட்டது என்கிறார்கள். மற்றொரு நாள், விடிய விடிய சனீஸ்வரன் வேடம் போட்டுவிட்டு, கறுப்புச் சாயத்தைக் கழுவ அதிகாலையில் நீர்நிலைக்குப் போனார். துணி வெளுக்க வந்த பெண் அந்தக் கோலத்தைப் பார்த்து அலறி விழுந்து, உயிரையே விட்டாளாம்.

பார்ப்பவர் மகிழத்தானே நாடகம்? தன் நடிப்பு பிறர் உயிருக்கு உலை வைப்பதா? அவர் மனம் உடைந்தது. வேடம் போடுவதையே விட்டுவிட்டார். உலகப் பற்றும் போயிற்று. துறவியாகித் தலந்தலமாகச் சுற்றினார். சுவாமிகள் என்ற பெயர் அப்போது வந்ததுதான். கடைசி வரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

மீண்டும் நாடகம்

புதுக்கோட்டையில் கஞ்சிரா வாசிப்பில் மேதையாக விளங்கியவர் மான்பூண்டியா பிள்ளை. அவர் சுவாமிகளைத் தம் பிள்ளையாகவே பாவித்து அன்பு காட்டினார். அந்த அன்பு துறவியை மீண்டும் நாடக உலகுக்கு இழுத்து வந்தது. இந்த முறை அவர் நாடக ஆசிரியராகவே வந்தார்.

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். சங்கீத மேதை எஸ். ஜி. கிட்டப்பா அதில் பயிற்சி பெற்றவர்.

வயது வந்த நடிகர்கள் பாடத்தை ஒழுங்காக மனப்பாடம் செய்வதில்லை, கட்டுப்பாட்டுக்கும் அடங்குவதில்லை. சிறு பிள்ளைகளைப் பழக்கினால் நாடகம் திருந்தும் என்று சுவாமிகள் எண்ணினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். அதில் சேர்ந்த டி. கே. எஸ். சகோதரர்கள் பின்னாளில் பெரும் புகழ் பெற்றார்கள். சிறுவன் சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த அதிசயமும் நடந்தது.

வள்ளி திருமணம்

பவளக்கொடி, கோவலன், சதி அனுசூயா, சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதிய நாடகங்கள் பல. அவற்றில் தலைசிறந்த பெயர் பெற்றது வள்ளி திருமணம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தினைப்புனம் காக்கும் குறவர் மகள் வள்ளி. அவளை நாடி முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகத் தள்ளாடுகிறான். யானையைக் கண்டு பயந்து அவள் அவனிடமே அடைக்கலம் புகுகிறாள்.

இதில் சுவாமிகள் காட்டிய திறமை வாதத்தில் இருக்கிறது. நாரதரோடும் வேலனோடும் வள்ளி சரிக்குச் சரி தர்க்கம் செய்கிறாள். காட்டில் வளர்ந்த பெண் கடவுளையே கேள்வி கேட்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத பாமரரும் இந்த வாதத்தைக் கேட்டுத் தமிழின் சுவையை அறிந்தார்கள்.

கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்துப் புகழ் சேர்த்த நாடகங்களில் இதுவும் ஒன்று. இன்றும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. வள்ளி ஓர் ஊரிலிருந்தும் முருகன் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது. இருவருக்கும் தெரிந்த சுவாமிகளின் பாடம்தான் அவர்களைச் சேர்த்து வைக்கிறது.

பேச்சு நின்றது

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. சிங்கம்போல் முழங்கிய வாயில் பேச்சு நின்றது. ஆயினும் சபை அவரை விட்டுவிடவில்லை. போன ஊருக்கெல்லாம் ஆசானையும் அழைத்துச் சென்றது. மேடையில் பிள்ளைகள் அவர் பாட்டைப் பாடினார்கள். எழுதியவரோ பேச முடியாமல் கிடந்தார்.

1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 55. கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

அவர் காட்டிய வழியில் ஊர் ஊராகப் பல பாலர் நாடக சபைகள் தோன்றின. அத்தகைய சபை ஒன்றில் சிறுவனாக வளர்ந்தவர்தான் சிவாஜி கணேசன். 1957-ல் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகத்தில் அவர் கட்டபொம்மனாக மேடை ஏறினார். பாஞ்சாலங்குறிச்சியின் கதையைத் தமிழர் கைதட்டி வரவேற்றார்கள்.

அந்தச் சீமையில் பிறந்து, உப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வாலிபருக்கும் அந்தக் கைதட்டலில் பங்கு உண்டு.