சிந்தனைப் பொறியின் தந்தை

வினவியவற்றுக்கு விடை பகரும் செயற்கை நுண்ணறிவும், நுண்துகள்களின் இயல்பைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கணினியும் இந்நூற்றாண்டின் வியப்புகள். இவ்விரு துறைகளின் வேரைத் தேடிச் செல்வோர், ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித மேதையிடம் வந்து சேர்வர்.

இளமை

டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்தவர். தாயார் ஈத்தல் சாரா கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவில் பணி நிமித்தம் தங்கியதால், டூரிங்கும் அவர்தம் தமையனாரும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர். 1926இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்டபோது, பொது வேலைநிறுத்தத்தால் தொடர்வண்டிகள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவரான டூரிங் தனியே 60 மைல் தொலைவை மிதிவண்டியில் கடந்து பள்ளியை அடைந்தார்.

தாளில் பிறந்த கணினி

1936இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை கணினியியலுக்கு வித்திட்டது. கட்டங்கள் நிறைந்த முடிவற்ற நாடா. ஒரு கட்டத்திலுள்ள குறியைப் படித்தும் அழித்தும் எழுதியும் இடமோ வலமோ நகரும் எளிய பொறி. இக்கற்பனைப் பொறிக்குரிய விதிகளை மாற்றினால், ஒரே பொறி பலவகைக் கணக்குகளையும் செய்யும் என்று காட்டினார். எப்பொறியாலும் தீர்க்க இயலாத கணக்குகள் உண்டு என்பதையும் அதே கட்டுரையில் மெய்ப்பித்தார்.

போர்க்காலத் தொண்டு

இரண்டாம் உலகப்போரில் செர்மானியர் எனிக்மா என்னும் பொறியால் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்பினர். போலந்து நாட்டு அறிஞர்கள் முன்னரே கண்டறிந்தவற்றைத் துணைக்கொண்டு, பிளெட்ச்லி பூங்காவில் டூரிங்கும் தோழர்களும் அம்மறைகுறிகளை உடைத்தனர். அதனால் அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் பல காக்கப்பட்டன. ஆயினும் இத்தொண்டு அவர் வாழ்நாள் முழுதும் அரச இரகசியமாகவே இருந்தது.

இயந்திரம் சிந்திக்குமா?

1950இல் இவ்வினாவை எழுப்பிய டூரிங், அதனை ஆராய ஒரு சோதனையையும் வகுத்தார். முகம் காணாது எழுத்தால் உரையாடும் ஒருவர், மறுபுறம் விடையளிப்பது மனிதரா இயந்திரமா எனப் பிரித்தறிய இயலாவிடில், அவ்வியந்திரத்தைச் சிந்திப்பதாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

துயரமும் புகழும்

தன்பாலீர்ப்பைக் குற்றமெனக் கருதிய அக்காலச் சட்டம் 1952இல் அவரைத் தண்டித்தது. சிறைக்கு மாற்றாக உடலை வருத்தும் மருந்துகளை ஏற்க நேர்ந்தது. தாம் காத்த நாட்டின் இரகசியப் பணியிலிருந்தும் விலக்கப்பட்டார். 1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், 41ஆம் வயதில் மறைந்தார்.

2009இல் பிரித்தானியப் பிரதமர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021இல் ஐம்பது பவுண்டுத் தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. இவற்றுள் ஒன்றையும் காண அவர் இல்லை.

1985இல் டேவிட் டாய்ச் என்னும் அறிஞர் டூரிங்கின் கற்பனைப் பொறியைக் குவாண்டம் விதிகளுக்கு ஏற்ப விரித்துரைத்தார். கணினித் துறையின் தலையாய விருது டூரிங் பெயரால் வழங்கப்படுகிறது. சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி, செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக 1994இல் அவ்விருதைப் பெற்றார். அறிவைப் போற்றும் நாடு, அறிஞரையும் அவர் வாழும் நாளிலேயே போற்றுதல் வேண்டும்.

சிந்தித்து விடையளிக்க

1. டூரிங் கற்பனை செய்த பொறி எவ்வாறு இயங்கியது?
2. டூரிங்கின் தொண்டினை அவர் காலத்து மக்கள் அறியாதது ஏன்?
3. காலந்தாழ்ந்து வரும் மன்னிப்பினால் பயன் உண்டா? உம் கருத்தை எழுதுக.