எல்லை தாண்டிய கொலைக் கும்பலை வேரறுத்த ஸ்லீமன்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலை ஏறினால் போடிமெட்டு. மெட்டைத் தாண்டினால் கேரளம். ஒரு காலத்தில் அது திருவிதாங்கூர் ராஜ்யம். ஏலக்காய் மூட்டைகள் மனிதர் தலையிலும் மாட்டின் முதுகிலும் இறங்கி வந்த பாதை அது. இப்புறம் ஒரு போலீஸ், அப்புறம் வேறு போலீஸ். இப்புறம் குற்றம் செய்தவன் அப்புறம் போய்விட்டால் அவனை யார் பிடிப்பது? யார் விசாரிப்பது?

ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வி இந்தியா முழுவதையும் ஆட்டி வைத்தது. அதற்கு விடை கண்டவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் வில்லியம் ஹென்றி ஸ்லீமன்.

சிப்பாய் அதிகாரி

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வால் பகுதியில், ஸ்ட்ராட்டன் என்ற ஊரில் 1788-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந்தேதி ஸ்லீமன் பிறந்தார். 1809-ல் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். நேபாள யுத்தத்தில் போரிட்டார். 1820-ல் பட்டாளத்தை விட்டுச் சிவில் நிர்வாகத்துக்கு மாறினார். 1822-ல் நர்மதை நதிக்கரையில் உள்ள நர்சிங்பூர் ஜில்லா அவர் பொறுப்பில் வந்தது.

அந்த நாளில் சாலைகளில் போனவர்கள் பலர் திரும்பவில்லை. யாத்திரை போனவர், விடுமுறையில் ஊர் திரும்பிய சிப்பாய், பணம் கொண்டு போன வியாபாரி எல்லோரும் மாயமாய் மறைந்தார்கள். பிணமும் கிடைக்கவில்லை. இது தக்கர்களின் கைவரிசை!

வழிப்போக்கர் போல் வந்து சேருவார்கள். இனிக்க இனிக்கப் பேசுவார்கள். நாள் கணக்கில் கூடவே நடப்பார்கள். தக்க இடம் வந்ததும் கழுத்தில் துணியைப் போட்டு இறுக்குவார்கள். பிணத்தைப் புதைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

தமிழ் நாட்டுக்கும் இந்தப் பயங்கரம் புதிதல்ல. 1807-ம் ஆண்டில் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே இத்தகைய கும்பல் ஒன்று பிடிபட்டது. சென்னைக் கோட்டையில் டாக்டராக இருந்த ஷெர்வுட் என்பவர் 1816-ல் இவர்களைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். ஆயினும் கொலைகள் நிற்கவில்லை.

ஏன் பிடிக்க முடியவில்லை?

கொலைகாரன் ஊர் ஒரு சமஸ்தானத்தில். கொலை நடந்தது இன்னொரு சமஸ்தானத்தில். செத்தவனின் உறவினர்களோ எங்கோ நூறு காத தூரத்தில்! புகார் கொடுக்க ஆள் இல்லை. சாட்சி இல்லை. ஒரு ஜில்லா மாஜிஸ்திரேட் அடுத்த ஜில்லாவில் கை வைக்க முடியாது. சில ஜமீன்தார்கள் பங்கு வாங்கிக்கொண்டு கும்பலுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள்.

கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு ஸ்லீமனுக்குத் துணை நின்றார். எல்லைகளைக் கடந்து பிடிக்கும் அதிகாரம் கிடைத்தது. பல இடத்துக் கொலைகளையும் ஒரே இடத்தில் விசாரிக்க ஏற்பாடு ஆயிற்று. 1835-ல் தக்கர் ஒழிப்பு வேலை முழுவதற்கும் ஸ்லீமன் தலைவரானார். 1839-ல் கொள்ளைக் கும்பல்களை ஒழிக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது.

காட்டிக் கொடுத்த தலைவன்

பெரிங்கியா என்ற கும்பல் தலைவன் பிடிபட்டான். உயிர்ப் பிச்சை கிடைக்கும் என்றதும் அப்ரூவராக மாறினான். ஒரு தோப்புக்கு அழைத்துப் போய், தோண்டச் சொன்னான். தோண்டத் தோண்ட எலும்புக் கூடுகள்! பார்த்தவர்கள் நடுங்கிப் போனார்கள்.

ஸ்லீமன் ஒவ்வொரு வாக்குமூலத்தையும் எழுதி வைத்தார். ஒருவன் சொன்னதை மற்றொருவன் சொன்னதோடு ஒத்துப் பார்த்தார். கும்பல்களின் வம்சாவளியைத் தயாரித்தார். எங்கே, யாரைக் கொன்றார்கள் என்று வரைபடத்தில் குறித்தார். அவர்களுடைய ரகசிய பாஷைக்கு அகராதியும் தொகுத்தார். 1,400-க்கும் மேற்பட்டவர்கள் தூக்கில் தொங்கினார்கள், அல்லது நாடு கடத்தப்பட்டார்கள். அப்ரூவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஜபல்பூரில் தொழிற்கூடம் அமைத்து நெசவு கற்றுக் கொடுத்தார்.

பிற்காலத்தில் குவாலியரிலும் லட்சுமணபுரியிலும் ரெசிடெண்டாக இருந்தார். அயோத்தி ராஜ்யத்தைக் கம்பெனி விழுங்கக் கூடாது என்று வாதாடினார். யாரும் கேட்கவில்லை. நோயுற்றுத் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். 1856-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந்தேதி, இலங்கைக்கு அருகே கடலில் அவர் உயிர் பிரிந்தது. உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

மறுபக்கம்

ஸ்லீமனின் புகழுக்கு மறுபக்கமும் உண்டு. 1836-ல் வந்த சட்டப்படி, எந்தக் கொலையைச் செய்தான் என்று நிரூபிக்கத் தேவையில்லை. தக்கர் கும்பலைச் சேர்ந்தவன் என்றால் போதும், ஆயுள் தண்டனை. அப்ரூவரின் வாய்ச்சொல்லே பலருக்கு எமனாயிற்று. கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

ஆளின் செயலை விட்டு அவன் கூட்டத்தைப் பார்க்கும் அந்த வழக்கம் வளர்ந்தது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டமாக வந்தது. 1911-ல் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. மதுரைச் சீமையில் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குற்றமே செய்யாதவனும் கைரேகை வைக்க வேண்டும்! எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந்தேதி போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். அந்த ஊர், போடிக்குக் கிழக்கே உசிலம்பட்டிப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1947-ல்தான் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது.

இன்று

இன்று அச்சம் தருவது துணிச் சுருக்கு அல்ல, கள்ளத் துப்பாக்கி. ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. 2019-ல் அதைக் கடுமையாக்கினார்கள். லைசென்சு இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட ஆயுதங்களைத் தயாரித்து விற்கும் வழக்குகளை, எந்த மாநிலத்தில் நடந்தாலும், 2008-ல் பிறந்த தேசியப் புலனாய்வு முகமை எடுத்துக்கொள்ளலாம் என்று 2019-லேயே சட்டம் திருத்தப்பட்டது. எல்லை தாண்டும் குற்றத்துக்கு எல்லை தாண்டும் சட்டம்! ஸ்லீமன் கண்ட வழி இது.

ஆனால் ஒரு வேலியும் உண்டு. லைசென்சு இல்லாத துப்பாக்கி வழக்கைக் கோர்ட்டில் தொடர, ஜில்லா மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். ஏலத் தோட்டத்தில் காட்டுப் பன்றியை விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவனும், ஆளைச் சுடத் துப்பாக்கி விற்பவனும் ஒன்றல்லவே!

சட்டத்தின் கை மலையைத் தாண்டியும் நீள வேண்டும். அந்தக் கை பற்ற வேண்டியது குற்றவாளியின் கழுத்தை. அவன் பிறந்த ஊரையோ குலத்தையோ அல்ல. ஸ்லீமனின் வெற்றியும், பெருங்காமநல்லூரின் ரத்தமும் புகட்டும் பாடம் இதுவே.