பெருவிரற் காப்பு: துப்பாக்கி வல்லுநர் பிறவுணிங் வரலாறு

கருவியைச் செய்வோன் ஒருவன். அதனைக் கையாள்வோன் வேறொருவன். செய்தவன் எண்ணிய வண்ணமே கையாள்வோன் கை எக்காலத்தும் அமைவதில்லை. படைக்கலங்களைப் பொறுத்தமட்டில் இச்சிறு வேறுபாடே உயிரைக் காப்பதும் போக்குவதும் ஆகிவிடுகின்றது. இதனை உணர்தற்கு ஜோன் மோசஸ் பிறவுணிங் என்னும் அமெரிக்கரின் வரலாறு பெரிதும் துணைபுரியும். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் யான், நம் நாட்டார் துவக்கு என வழங்கும் கருவியைத் தொட்டறியேன். ஆயினும், அடக்கத்திற்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்க, பொறியினுள்ளும் அடக்கத்திற்கு ஓர் உறுப்பு அமைந்த கதை தமிழாசிரியனுக்குப் புறம்பானதன்று எனக் கருதியே இதனை எழுதுகின்றேன்.

பிறவுணிங் 1855ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள் யூட்டாப் பிரதேசத்து ஒக்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜொனதன் துப்பாக்கிக் கம்மியர், மோர்மன் சமயத்தவர், 1852இல் யூட்டாவிற் குடியேறியவர். அவர்க்கு மனைவியர் மூவர்; மக்கள் 22 பேர். அப்பெருங் குடும்பத்திற் பிறந்த ஜோன், தந்தையாரின் பட்டறையையே பள்ளியாகக் கொண்டார். பழுதுற்று வந்த துப்பாக்கிகளைக் கழற்றிப் பூட்டியே அவற்றின் உள்ளமைப்பை முற்றக் கற்றார்.

1879ஆம் ஆண்டிலே தந்தையார் காலமானார். அவ்வாண்டிலேயே, ஒவ்வொரு ரவையாக இட்டுச் சுடும் துப்பாக்கி யொன்றுக்கு மைந்தர் தமது முதலாவது ஆக்கவுரிமையைப் பெற்றார். 1883இல் வின்செஸ்ரர் நிறுவனத்தார் அதனை விலைக்கு வாங்கினர். அதன்பின் ஏறத்தாழ 19 ஆண்டுகள் அவர் ஆக்கிய வேட்டைத் துப்பாக்கிகள் பல அந்நிறுவனத்தின் பெயரிலேயே வெளிவந்தன. பின்னர் உரிமைப் பங்கு பற்றிய பிணக்கினால் 1902இல் அவர்களை நீங்கிப் பெல்ஜியம் நாட்டுத் தொழிற்சாலையொன்றை நாடினார். அவர் வாழ்நாளிற் பெற்ற ஆக்கவுரிமைகள் 128.

ஒருநாள் துப்பாக்கி சுடுகையில், குழல்வாயினின்று வெளிப்பட்ட காற்று அருகிலிருந்த புற்பூண்டுகளை வளைத்தலை அவர் கண்டார் என்பர். வீணே போகும் அவ்வலியைக்கொண்டே அடுத்த ரவையை ஏற்றலாகாதா என்னும் எண்ணம் அவர்க்கு உதித்தது. தானாக ரவை ஏற்றும் படைக்கலங்களில் அவர் கருத்து இவ்வாறு சென்றது. கைத்துப்பாக்கியிலோ அவர் பின்னுதைப்பின் வலியையே பயன்படுத்தினார். சுட்டவுடன் மேலுறை பின்னோக்கி வழுக்கிச் சென்று, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, சுத்தியலையும் பின்தள்ளி, மீளும்போது புதிய ரவையைக் குழலுட் புகுத்தும்.

அமெரிக்கப் படையினர்க்கென அவர் 1910இல் முதலில் அமைத்த கைத்துப்பாக்கியில், கைப்பிடியை இறுகப் பற்றினாலன்றிச் சுடவியலாத காப்பு ஒன்றே இருந்தது. பெருவிரலால் இயக்கும் காப்பினையும் சேர்க்குமாறு குதிரைப் படையினர் வேண்டினர். ஒரு கையிற் கடிவாளமும் மறு கையில் துப்பாக்கியும் கொண்டு, மிரளும் குதிரைமீது அமர்ந்திருப்போனுக்குச் சுத்தியலை மெல்ல இறக்கி வைத்தல் இடர் நிறைந்த செயல். அவ்வேண்டுகோளைப் பிறவுணிங் ஏற்றார். 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் அத்துப்பாக்கி 6000 ரவைகளை ஒருமுறையேனும் தடைப்படாது சுட்டது. அத்திங்கள் 29ஆம் நாள் அரசு அதனை ஏற்றது. 1985 வரை அஃது அப்படையின் முறையான கைத்துப்பாக்கியாய் இருந்தது.

அக்காப்பின் இயல்பை இனி நோக்குவோம். துப்பாக்கியின் இடப்புறத்தே, பின்பக்கம், சிறு நெம்பு ஒன்று உளது. அதனை மேலே தள்ளினால், சுத்தியலைப் பிடித்து நிற்கும் நாக்கு அசையாது தடைபடும், மேலுறையும் பூட்டப்படும். கீழே அழுத்தினால் துப்பாக்கி சுடுதற்கு ஆயத்தமாகும். நெம்பு தன் நிலையினின்றும் பெயராதவாறு, சிறு குழாயினுள் அமைந்த சுருள்வில்லொன்று ஒரு முளையை அதன்மீது அழுத்திக்கொண்டிருக்கும்.

இந்நெம்பு சுடும்போதே தானாக மேலெழுந்து பூட்டிக்கொள்வதும் உண்டு. அடுத்த ரவையைச் சுட விரும்பி விசையை இழுப்பவன் யாதொரு பயனும் காணான். பயிற்சிக் களத்தில் இது வெறும் இடையூறு. பகைவன் எதிர்நிற்கையிலோ உயிர்க்கே இறுதி.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று கையின் குற்றம். மற்றது பொறியின் குற்றம். பெருவிரலை நெம்பின் கீழே வைத்துப் பிடிப்பவன், பின்னுதைப்பில் துப்பாக்கி துள்ளும்போது தன்னையறியாமலே நெம்பை மேலே தள்ளிவிடுகின்றான். பெருவிரலை நெம்பின்மேல் வைத்துச் சுடுவதே இதற்கு மருந்து. பிற்காலத்தார் இருபுறமும் நெம்பு அமைத்த துப்பாக்கிகளில், சுட்டுவிரலின் அடிமூட்டு வலப்புற நெம்பைத் தள்ளுவதும் உண்டு. குற்றம் கையினதா பொறியினதா என ஐயுறுவோர், பழகிய பிறிதொருவரைக்கொண்டு சுடுவித்துப் பார்த்தல் நன்று. அவர் கையிற் பிழை தோன்றாதாயின், பிடியைத் திருத்துவதே முறை.

பெருவிரல் மேலிருந்தும் பிழை நீங்காதாயின் பொறியை ஆராய்தல் வேண்டும். ரவைக்கூட்டைக் கழற்றி, குழலும் வெறுமையாயிருத்தலைக் கண்ணால் உறுதிசெய்த பின்னரே நெம்பை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நிலையிலும் அது திண்ணெனப் பதிதல் வேண்டும். தளர்ந்து அசையுமாயின் சுருள்வில் வலியிழந்திருக்கும், அல்லது முளையேனும் அது பதியும் பள்ளமேனும் தேய்ந்திருக்கும், அல்லது குழாய் இளகியிருக்கும். இவற்றைச் செப்பனிடுதல் தேர்ந்த கம்மியனின் தொழில். அரைகுறையாய் அறிந்தவன் நெம்பின் உட்புறத்தை அராவுவானாயின், பூட்டியதாகத் தோன்றும் துப்பாக்கி பூட்டாமலே இருக்கும். வேண்டாதபோது பூட்டும் காப்பினும் வேண்டியபோது பூட்டாத காப்பே கொடிது.

பிறவுணிங் 1926ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள், பெல்ஜியத்து லியேஜ் நகருக்கு அணித்தான அத்தொழிற்சாலையில், தம் மைந்தரின் அலுவலறையிலே இதயம் நின்று உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது 71. புதியதொரு கைத்துப்பாக்கியின் ஆக்கத்தில் அவர் அக்காலத்து ஈடுபட்டிருந்தார்.

அவரை யான் முழுதும் புகழேன். 1914 ஜூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் துணைவியாரையும் வீழ்த்தி, பெரும்போருக்கு வழிதிறந்த கைத்துப்பாக்கியும் பிறவுணிங் வகுத்த அமைப்பினதே. அதனைப் பற்றிய கை இன்னாருடையது என அறியும் ஆற்றல் இரும்புக்கு இல்லை. நெம்பு பூட்டுவதும் திறப்பதும் விரலின் ஏவலால். விரல் அசைவதோ உள்ளத்தின் ஏவலால். சுருள்வில் தளர்ந்தால் மாற்றுதற்குக் கம்மியன் உளன். உள்ளத்தின் காப்புத் தளர்ந்தால் அதனைச் செப்பனிடும் கடமை அவரவரையே சாரும். துப்பாக்கியோசை கேட்டு வளர்ந்த மாணாக்கரைக் கற்பித்த ஆசிரியன் யான். ஆதலின் இதனை வற்புறுத்திக் கூறுகின்றேன்.