மணிகளுக்குக் காலம் கண்ட மார்ட்டிமர் வீலர்

எகிப்து நாட்டார் இறந்தோரைப் புதைக்கும்போது மணிமாலைகளையும் தாயத்துகளையும் உடன் வைத்தனர். வண்டு வடிவத் தாயத்துகள் பலவற்றில் மன்னர் பெயர் பொறித்திருக்கும். அதைப் படித்தால் காலம் ஓரளவு விளங்கும். நம் தென்னாட்டுப் பெருங்கற் கல்லறைகளிலும் மணிகள் உண்டு. மன்னர் பெயர்தான் இல்லை. பேசாத மணியின் காலத்தைக் கணிப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்குக் கருநாடக மண்ணில் விடை தேடியவர் சர் மார்ட்டிமர் வீலர். அறிவியல் மாணவனாகிய எனக்கு அவர் வாழ்க்கை ஒரு நல்ல பாடமாகத் தோன்றுகிறது.

வீலர் 1890-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். லண்டன் பல்கலைக் கல்லூரியில் பயின்றார். எகிப்தியக் கல்லறைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற பிளிண்டர்ஸ் பெட்ரி அப்போது அங்கே பேராசிரியர். முதல் உலகப் போரில் வீலர் பீரங்கிப் படையில் பணியாற்றினார். பின்னர் மனைவி டெஸ்ஸாவுடன் வேல்சிலும் இங்கிலாந்திலும் பல இடங்களை அகழ்ந்தார். 1936-இல் டெஸ்ஸா மறைந்தார். இருவரும் பாடுபட்டு உருவாக்கிய தொல்லியல் கழகம் மறு ஆண்டு லண்டனில் திறக்கப்பட்டது. அதைக் காண அவ்வம்மையார் இல்லை.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வீலர் இங்கு வந்தார். அவ்வாண்டே சென்னை அருங்காட்சியகத்தில் உடைந்த சாடியின் கைப்பிடி ஒன்றைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடியின் பகுதி அது என்பதை உடனே உணர்ந்தார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்தது என்று அறிந்ததும் அங்கே விரைந்தார். 1945-இல் அகழ்ந்தபோது இத்தாலி நாட்டுச் செந்நிற மட்கலங்கள் கிடைத்தன. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டு என்பது ஐரோப்பாவில் முன்னரே தெரிந்திருந்தது. அக்கலங்களோடு, உட்புறம் வளையமாகப் புள்ளிக் கோலம் இட்ட தட்டுகளும் கிடைத்தன. எனவே அத்தட்டுகளின் காலமும் தெரிந்தது.

1947-இல் சித்திரதுர்க்கா மாவட்டத்துப் பிரம்மகிரியை அகழ்ந்தார். அசோகன் கல்வெட்டு உள்ள ஊர் அது. அங்குள்ள கல்லறைகளுள் ஒன்றில் 33 பொன்மணிகள், 2 கல்மணிகள், 4 செப்பு வளையல்கள், ஒரு சங்கு ஆகியவை இருந்தன. பிறர் பொன்னைக் கண்டு மகிழ்ந்திருப்பர். வீலரின் கண்ணோ மண்ணடுக்குகளில் இருந்தது. சதுரம் சதுரமாகக் குழி தோண்டி, இடையே வரப்புகளை விட்டுவைப்பது அவர் முறை. வரப்பின் பக்கச் சுவரில் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். கிடைக்கும் ஓட்டுத் துண்டும் பொன்மணியும் தத்தம் அடுக்கின் எண்ணைப் பெறும்.

குடியிருப்பின் மேலடுக்குகளில் அரிக்கமேட்டுப் புள்ளிக் கோலத் தட்டுகள் கிடைத்தன. அவற்றை ஒட்டியும் அவற்றுக்குக் கீழேயும் பெருங்கற் கல்லறையினரின் மட்கலங்கள் கிடந்தன. இத்தாலியின் கலத்தால் அரிக்கமேடு காலம் பெற்றது. அரிக்கமேட்டின் தட்டால் பிரம்மகிரி காலம் பெற்றது. தமிழகக் கடற்கரைக்கும் கருநாடகக் குன்றுக்கும் அன்றே இருந்த தொடர்பை எண்ணுகையில், பெங்களூரில் வாழும் தமிழனாகிய என் உள்ளம் மகிழ்கிறது.

வீலர் இக்கல்லறை மக்களின் காலம் கி.மு. 200 அளவில் தொடங்கியது என்றார். அது பிழையாயிற்று. கரிமக் கணிப்பு முறை வந்தபின், ஹள்ளூரில் இரும்புக் காலம் கி.மு. 1000 அளவுக்குப் பின்னோக்கிச் சென்றது. மொகஞ்சதாரோவின் எலும்புக் கூடுகளைக் கண்டு ஆரியர் படையெடுத்துக் கொன்றனர் என்று அவர் கூறியதையும் பிற்கால எலும்பாய்வு மறுத்துவிட்டது.

அப்படியானால் எஞ்சியது என்ன? அவர் வரைந்து வைத்த அடுக்குப் படங்களும் குறிப்புகளும் எஞ்சின. எந்த மணி எந்த அடுக்கில் இருந்தது என்பது இன்றும் தெரிகிறது. ஆகவே அவர் முடிவைத் திருத்தவும் முடிகிறது. குறிப்பின்றித் தோண்டப்பட்ட கல்லறையின் மணியோ அருங்காட்சியகப் பெட்டியில் என்றும் ஊமையாகவே கிடக்கும். தட்சசீலத்தில் அவர் நடத்திய பயிற்சியில் பி.பி. லால் போன்ற இந்திய மாணவர்கள் தேர்ந்து, பின்னாளில் இத்துறைக்குத் தலைமை தாங்கினர்.

வீலர் 1948-இல் பணியிலிருந்து விலகினார், 1976-இல் மறைந்தார். நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் நம் முடிவுகளும் நாளை மாறலாம். நம் குறிப்பேடு நேர்மையாக இருந்தால், நம்மைத் திருத்த வருபவனுக்கும் நாம் உதவியவராவோம்.